தலை கடிக்குது சேர்: பொடுகுக்கும் ஒரு வரலாறு இருக்கு

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கோ. பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் கட்டாயம் வாசியுங்கோ.

போன தவணைப் பரீட்சை நேரம் ஒரு பிள்ளை வினாத்தாளைப் பார்க்காமல் பேனை மூடியால் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தது. கிட்டப் போய்க் கேட்டோம். "தலை கடிக்குது சேர்" என்றது. அதற்குள் பின் வாங்கிலிருந்து ஒருவன் "பேன் தலை" என்றான். வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளைக்குப் பேன் இல்லை. தாய் இரண்டு தரம் பார்த்துவிட்டார். ஆனாலும் யாரோ சொன்னார்கள் என்று மண்ணெண்ணெய் தேய்த்திருக்கிறார். தலைத்தோல் வெந்து சிவந்துபோய்க் கிடந்தது. அதற்குப் பிறகு பிள்ளைக்குப் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

எங்கள் பள்ளிக்கூட உடுப்பு வெள்ளை. பொடுகு உதிர்ந்தாலும் தெரியாது. சொறிகிற கைதான் காட்டிக்கொடுக்கும். அதனால் பிள்ளைகள் கையை அடக்கிக்கொண்டு, கடியைப் பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் பர்தாவுக்குள்ளே பொறுக்கிறார்கள். கேட்டால் இல்லை என்கிறார்கள். ஏனென்றால் தலை கடிப்பது ஊத்தையின் அடையாளம், குளிக்காதவனின் அடையாளம் என்று நாங்கள்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

அது சரியா? வரலாறு படிப்பிக்கிற நாங்கள் வரலாற்றிலேயே தேடிப் பார்த்தோம்.

முதலில் எங்கள் மார்க்க வரலாறு. ஹிஜ்ரி 6, அதாவது கி.பி. 628. ஹுதைபிய்யாவில் ஸஹாபாக்கள் இஹ்ராமோடு தங்கியிருக்கிறார்கள். இஹ்ராமில் முடி களையக் கூடாது. கஅப் இப்னு உஜ்ரா (ரலி) அவர்களுக்குத் தலையில் பேன் நிறைந்து, முகத்தில் உதிரும் அளவுக்குப் போய்விட்டது. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் அதைக் கண்டார்கள். முகம் சுளிக்கவில்லை, ஏசவில்லை. உனக்கு இது இவ்வளவு கஷ்டம் கொடுக்கிறதா என்ற கருத்தில் விசாரித்துவிட்டு, தலையை மழித்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். அதற்குப் பகரமாக மூன்று நாள் நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஒரு ஆட்டைப் பலியிடுதல். ஸூரத்துல் பகராவின் 196ஆம் வசனத்தில் தலையில் துன்பம் உள்ளவருக்கான சலுகை இந்தச் சம்பவத்தை ஒட்டித்தான் வந்தது என்று தப்ஸீர்களில் படிக்கிறோம்.

ஒரு மனிதனின் தலைக் கடிக்காக இஹ்ராமின் சட்டத்தில் சலுகை வந்திருக்கிறது. அவருக்கு இருந்தது பொடுகு அல்ல, பேன்தான். ஆனால் தலையில் வருகிற உபாதையை மார்க்கம் எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதேபோல, ஆண்களுக்குப் பட்டு தடை. ஆனால் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) இருவருக்கும் உடம்பில் அரிப்பு இருந்தபடியால் பட்டு அணிய அனுமதி கிடைத்ததாக ஹதீஸ்களில் இருக்கிறது. அரிப்பு ஒரு நோவு. அதற்கு இலேசாக்கிக் கொடுக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பாடம் அது. நாங்களோ வாங்கில் தள்ளி இருத்துகிறோம்.

அடுத்தது தலையைக் கழுவுகிற வரலாறு. ஜனாஸா குளிப்பாட்டும்போது இலந்தை இலை போட்ட தண்ணீர் பாவிப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் இலந்தை இலையை மையித்துக்குரிய சாமானாக மட்டும் நினைத்துவிட்டோம். ஹதீஸ் கிரந்தங்களைப் பார்த்தால் அது உயிரோடு இருப்பவர்களின் குளிப்புக்கும் உரியது. பெண்கள் மாதத் தீட்டிலிருந்து சுத்தமாகும்போது எப்படிக் குளிப்பது என்று அஸ்மா (ரலி) கேட்டபோது, தண்ணீரும் இலந்தையும் எடுத்து, தலையில் ஊற்றி, முடியின் வேர்வரை போகும்படி நன்றாகத் தேய்க்கும்படி சொல்லிக் கொடுக்கப்பட்டது. கவனியுங்கோ, முடியை அல்ல, வேரை. இன்று தோல் டொக்டர்கள் சொல்வதும் அதைத்தான்: மருந்து முடிக்கு இல்லை, தலைத்தோலுக்கு.

இலந்தை இலையைக் கசக்கினால் நுரைக்கும். அதில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. அதுதான் இயற்கைச் சவர்க்காரம். சீயாக்காயில் இருப்பதும், பூந்திக்கொட்டையில் இருப்பதும், இலுப்பைப் பிண்ணாக்கில் இருப்பதும் அதே வகைதான். எண்ணெயையும் ஊத்தையையும் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடும்.

இலுப்பை எங்கள் வன்னி மரம். மன்னார்ப் பக்கம் இலுப்பைக்கடவை என்று ஊருக்கே பெயர் இருக்கிறது. இலுப்பம் விதையை ஆட்டி எண்ணெய் எடுத்தால் விளக்குக்கு ஆகும். மிஞ்சுகிற பிண்ணாக்கு தலைக்கு ஆகும். அதே பிண்ணாக்கைத் தேங்கி நிற்கிற தண்ணீரில் கரைத்தால் மீன் மயங்கி மிதக்கும் என்று எங்கள் கடற்கரைப் பெரியவர்களுக்கும் தெரியும். மீனின் செவுளைப் பாதிப்பதும், எங்கள் தலையில் நுரைப்பதும் ஒரே பொருள்தான். ஆகவே தலைக்கு வைத்தாலும் கண்ணில் படாமல் பார்க்க வேண்டும், நன்றாகக் கழுவ வேண்டும்.

பொடுதலையையும் மறந்துவிட்டோம். பெயரைக் கேட்டாலே பொடுகும் தலையும் ஞாபகத்துக்கு வரும். குளக்கட்டு ஓரத்திலும் ஈர மணலிலும் நிலத்தோடு ஒட்டிப் படரும் சின்னக் கொடி. வெள்ளையும் ஊதாவும் கலந்த குட்டிப் பூ தலை தூக்கி நிற்கும். நாயாறு போன்ற களப்புப் பக்கங்களில் நாங்கள் தினமும் மிதித்துக்கொண்டு போகிற வகைப் பூண்டு இது. சித்த வைத்தியத்தில் இதன் சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சிப் பொடுதலைத் தைலமாக்கிப் பொடுகுக்குக் கொடுப்பார்கள்.

அரபு மருத்துவர்களும் இதைச் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. 1037இல் காலமான இப்னு ஸீனா, தன்னுடைய கானூன் என்ற மருத்துவப் பெருநூலின் நாலாம் பாகத்தில் முடிக்கும் தலைத்தோலுக்கும் தனி இடம் ஒதுக்கினார். அந்தலூஸில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தன்னுடைய மருத்துவக் களஞ்சியத்தில் ஒரு பகுதியையே அழகுபேணலுக்குக் கொடுத்தார். சத்திரசிகிச்சையின் தந்தை என்று உலகம் சொல்கிற மனிதருக்கு முடி எண்ணெய் எழுதுவது கௌரவக் குறைவாகப் படவில்லை.

இனி ஷம்போ. இந்தச் சொல்லே எங்கள் பக்கத்திலிருந்து போனதுதான். ஹிந்தியில் அழுத்து, பிடித்துவிடு என்ற பொருள்படும் சாம்ப்போ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதை இங்கிலாந்தில் பிரபலமாக்கியவர் 1759இல் பாட்னாவில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த தீன் முஹம்மத். கம்பனிப் படையோடு இருந்து, பிறகு அயர்லாந்து போய், அங்கேயே கலியாணம் முடித்து, 1810இல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை போட்டு நட்டப்பட்டவர். பிறகு 1814இல் பிரைட்டன் கடற்கரையில் மூலிகை ஆவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலுமாக ஒரு குளியல் நிலையம் தொடங்கினார். இரண்டு இங்கிலாந்து மன்னர்களுக்கு ஷம்போ வைத்தியர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. அப்போது ஷம்போ என்றால் தலை கழுவுவது அல்ல, மசாஜ். தலை கழுவுகிற அர்த்தம் பிறகுதான் வந்தது. 1851இல் அவர் காலமானார். இன்று கடையில் தொங்குகிற ஒவ்வொரு ஷம்போ பைக்கற்றிலும் அந்த மனிதரின் நிழல் கொஞ்சம் இருக்கிறது.

அந்தப் பைக்கற்றும் தமிழர் பக்கத்துக் கதைதான். தமிழ்நாட்டில் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பவர் சின்னப் பைக்கற்றில் ஷம்போ அடைத்து விற்கிற வழியைக் காட்டினார். 1983இல் அவருடைய மகன் ரங்கநாதன் சிக் ஷம்போவைச் சின்னப் பைக்கற்றில் இறக்கினார். போத்தல் வாங்க முடியாத வீட்டுக்கும் ஷம்போ போனது அப்படித்தான்.

சரி, பொடுகு எதனால் வருகிறது? 1874இல் லூயி மலசே என்ற பிரெஞ்சு மருத்துவர், பொடுகுச் செதிலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, அதில் ஒரு சின்னப் பங்கசு இருப்பதை விவரித்தார். அவருடைய பெயரில்தான் இன்றைக்கும் அதை மலசீசியா என்கிறார்கள். இது வெளியில் இருந்து வருகிற கிருமி இல்லை. எல்லோர் தோலிலும் இருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தவனின் தலையிலும் இருக்கிறது. சிலருடைய தோல் அதைத் தாங்கிக்கொள்ளும். சிலருடைய தோல் தாங்காமல் கடிக்கும், செதில் உதிர்க்கும். வித்தியாசம் அவ்வளவுதான். ஊத்தைக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

இந்தப் பங்கசின் உணவு எண்ணெய்க் கொழுப்பு. 2007இல் விஞ்ஞானிகள் இதன் மரபணு முழுவதையும் வாசித்தபோது, கொழுப்பைத் தானே உண்டாக்குகிற மரபணு இதற்கு இல்லை என்று கண்டார்கள். எங்கள் தோல் சுரக்கிற எண்ணெயில்தான் பிழைக்கிறது. ஆய்வுகூடத்தில் இதை வளர்ப்பதற்கு ஒலிவ் எண்ணெய் ஊற்றி வளர்ப்பார்கள்.

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எங்கள் உம்மம்மா காலத்து வழக்கம் என்ன? எண்ணெய் வைத்தார்கள். உண்மை. ஆனால் எண்ணெய் வைத்த அன்றே அரப்போ சீயாக்காயோ தேய்த்து முழுகினார்கள். எண்ணெயும் முழுக்கும் ஒரு சோடி. எண்ணெய் காய்ந்த செதிலை இளக்கும், அரப்பு அதைக் கழுவிக்கொண்டு போகும். நாங்கள் சோடியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிட்டோம். இன்று பிள்ளைக்குத் தலை உதிர்கிறதென்றால் காய்ச்சலாக இருக்கு, எண்ணெய் வை என்கிறோம். வைத்த எண்ணெயோடு பர்தாவைக் கட்டி அல்லது தொப்பியைப் போட்டு அனுப்புகிறோம். மூன்று நாள் கழிகிறது. பங்கசுக்கு நாங்களே சாப்பாடு போட்டு, மேலே மூடியும் கட்டிவிட்டோம்.

இதில் இடப்பெயர்வுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1990 ஒக்ரோபர் கடைசியில் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். அதில் முல்லைத்தீவு மாவட்டத்துச் சனமும் இருந்தது. பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் ஓலைக் குடிசை முகாம்களில் ஒதுங்கினார்கள். வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள், உவர்த் தண்ணீரில் குளித்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு சீப்பு. இலுப்பை மரமும் இல்லை, இலந்தையும் இல்லை. கையில் கிடைத்தது உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டி. பிறகு 2009இல் எங்கள் தமிழ்ச் சகோதரர்கள் முட்கம்பிக்குள் முகாம் வாழ்க்கை வாழ்ந்தபோது அவர்களும் அதே வரிசையில், அதே வாளியோடு நின்றார்கள். அந்தக் காலத்துச் சொறியும் பேனும் எந்தத் தாயின் ஊத்தையும் இல்லை. தண்ணீர் இல்லாத கொடுமை. ஆனால் அந்த வெட்கம் மட்டும் எங்களோடு ஊருக்குத் திரும்பி வந்துவிட்டது என்று நினைக்கிறோம்.

சவர்க்காரக் கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினத் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால் நுரைப்பது குறைவு, பசை போல ஒரு வெள்ளைப் படிவு முடியில் தங்கும். பொடுகு என்று நாங்கள் தட்டிவிடுவதில் கொஞ்சம் இந்தச் சவர்க்காரப் படிவாகவும் இருக்கலாம். அப்படியானால் சவர்க்காரத்தை விட்டாலே பாதி சுகம்.

மலசேயின் கண்டுபிடிப்புக்குப் பிறகு மருந்து வர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1950களில் செலினியம் சல்பைட் கலந்த மருந்து ஷம்போ வந்தது. 1961இல் சிங்க் பைரிதியோன் கலந்த ஹெட் அன்ட் ஷோல்டர்ஸ் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 1970களில் பெல்ஜியத்தின் ஜான்சென் ஆய்வுகூடத்தில் கீற்றோகொனசோல் உருவானது. மூன்றுமே அந்தப் பங்கசைக் குறைக்கிற மருந்துகள்தான். அடியோடு அழிக்காது. அழிக்கவும் தேவையில்லை. அதனால்தான் பொடுகு போய்த் திரும்பவும் வரும். வந்தால் மருந்து பிழை என்றோ பிள்ளை பிழை என்றோ அர்த்தம் இல்லை.

இந்த வரலாற்றிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகக்கூடியது இவ்வளவு:

முதலில் என்னவென்று பாருங்கோ. வெயில் வெளிச்சத்தில் பிள்ளையின் முடியை வகிர்ந்து பார்த்தால் அரைவாசி விளங்கும். செதில் சின்னதாக, காய்ந்து, கை கால் தோலும் வரண்டிருந்தால் அது வரட்சி. சவர்க்காரத்தையும் சுடுதண்ணீரையும் நிறுத்தி, முழுகுவதற்கு முன் அரை மணி நேரம் கொஞ்ச எண்ணெய் வைத்து, மென்மையான ஷம்போவால் கழுவினால் போதும். செதில் மஞ்சளாக, பிசுபிசுப்பாக, புருவத்திலும் மூக்கோரத்திலும் இருந்தால் அது பங்கசுப் பொடுகு. எண்ணெயை நிறுத்துங்கோ. மருந்து ஷம்போவை வாரத்தில் இரண்டு தரம், தலைத்தோலில் விரல் நுனியால் தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கோ. போட்ட கையோடு ஊற்றிவிட்டால் மருந்துக்கு வேலை செய்ய நேரம் இல்லை. நாலு கிழமை விடாமல் செய்ய வேண்டும். சின்னப் பிள்ளையென்றால் எது பொருத்தம் என்று டொக்டரிடமோ பாமசியிலோ கேட்டுச் செய்யுங்கோ.

ஈர் முடியோடு ஒட்டியிருக்கும், தட்டினால் விழாது. பொடுகு தட்டினால் விழும். இது தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு மண்ணெண்ணெய் வைத்திருக்க மாட்டார்கள். பேனுக்கும் மண்ணெண்ணெய் வேண்டாம். தோல் வேகும், அடுப்புக்குக் கிட்டப் போனால் உயிருக்கே ஆபத்து. தனித் தேசிக்காய்ப் புளியும் சொறிந்த தலையில் எரியும்.

வட்டமாக முடி உதிர்ந்து, முறிந்த முடி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது படை. அது தொற்றும். பூசுகிற மருந்து மட்டும் போதாது, குளிசை வேண்டும். வெள்ளி மாதிரித் தடித்த செதில் முழங்கையிலும் முழங்காலிலும் சேர்ந்து இருந்தால், அல்லது தலையில் நீர் வடிந்தால், காய்ச்சல் வந்தால், வீட்டு வைத்தியத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

உம்மாமாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை முழுகிய தலையை ஈரத்தோடு மூடி அனுப்பாதையுங்கோ. காலையில் நேரம் இல்லையென்றால் பின்னேரம் முழுகச் சொல்லுங்கோ. வீட்டுக்கு வந்தவுடன் முடியை அவிழ்த்துக் காற்றுப்பட விடுங்கோ. பர்தா, தொப்பி, தலையணை உறை மூன்றையும் அடிக்கடி தோயுங்கோ. வாப்பாமாருடைய ஹெல்மெட்டின் உள்பக்கமும் இந்தக் கணக்கில் வரும்.

பொடுதலையோ இலுப்பையோ வைக்க விரும்புகிறவர்கள் வையுங்கோ. எங்கள் மண்ணின் அறிவு அது, நாங்கள் தள்ளச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சோடியை முழுதாகச் செய்யுங்கோ. தைலம் வைத்தால் அன்றே கழுவுங்கோ.

அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். வெந்த தோல் முதலில் ஆறியது. பிறகு மருந்து ஷம்போ தொடங்கினார்கள். மூன்றாம் கிழமை கை தலைக்குப் போவது குறைந்தது. அடுத்த பாடத்தில் நாங்கள் வகுப்பில் கஅப் (ரலி) அவர்களின் சம்பவத்தைச் சொன்னோம். யாருடைய பெயரையும் எடுக்கவில்லை. மலசேயின் கதையையும் சொல்லி, இந்தப் பங்கசு இல்லாத தலை இந்த வகுப்பில் ஒன்றுகூட இல்லை என்றோம். பின் வாங்கில் இருந்தவன் தன்னுடைய தலையைத் தடவிப் பார்த்தான். வகுப்பு திரும்பவும் சிரித்தது. இந்தத் தரம் அந்தப் பிள்ளையும் சேர்ந்து சிரித்தது.

உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் அந்தக் காலத்தில் எதைத் தேய்த்து முழுகினீர்கள் என்று இன்றிரவு ஒருக்காக் கேளுங்கோ. எழுதி வையுங்கோ. அதுவும் எங்கள் ஊரின் வரலாறுதான். பிள்ளை தலையைச் சொறிந்தால் கையைத் தட்டிவிடாமல், பக்கத்தில் கூப்பிட்டு இருத்தி, முடியை விலக்கிப் பாருங்கோ. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் முதலில் செய்ததும் விசாரித்ததுதான்.

அல்லாஹ் எல்லோருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.